முட்டி வலிக்கிற பாட்டி டிக்டாக்ல இல்லம்மா

கேள்வி: அக்கா, நான் பிசியோதெரபி படிச்சி முறையா ரெஜிஸ்டர் பண்ணவ. பத்தாங் பெர்ஜுந்தைல சின்னதா ஒரு சென்டர் திறந்து ஏழு மாசம் ஆச்சு. அத்தை பையன்தான் ஃபேஸ்புக், டிக்டாக் எல்லாம் பாத்துக்குறான். 150 வெள்ளி கட்டி பூஸ்ட் பண்ணோம், லைக் நெறைய வந்துச்சு, பாத்தா எல்லாம் ஈப்போ, ஜொகூர், மெட்ராஸ் ஆளுங்க. சென்டருக்கு ஒருத்தரும் வரல. இப்ப "பக்கவாதம், முட்டி வலி 7 நாளில் குணம்"னு போஸ்டர் செஞ்சி வச்சிருக்கான், என்கிட்ட வர்ற அங்கிள் ஒருத்தர் நடக்குற வீடியோவையும் போடலாம்ங்குறான். போடலாமா?
- பேர் வேண்டாம், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: ஊர் பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி எத்தன வருசம் ஆச்சு, நீங்களும் என்ன மாதிரியே பழைய பேரத்தான் எழுதுறீங்க, சந்தோசம்.

மொதல்ல போஸ்டர். வேணாம் தங்கச்சி. நம்ம மலேசியாவுல 1956ல வந்த மருந்து விளம்பரச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல 20 நோய் பட்டியல் போட்டிருக்கு, சக்கர வியாதி, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, புத்துநோய், பக்கவாதம் எல்லாம் அதுல இருக்கு, இதையெல்லாம் குணமாக்குறேன்னு விளம்பரம் போடவே கூடாது. பக்கவாதம் வந்தவங்களுக்கு நீங்க பயிற்சி குடுக்குறீங்க, நல்ல வேலைதான், அதுக்காக ஏழு நாள்ல குணம்னு எழுதுனா அத்தை பையனையா கூப்புட்டு கேப்பாங்க, ஒங்களத்தான் கேப்பாங்க. முட்டி வலி அந்தப் பட்டியல்ல இல்ல, ஆனா அதுவும் ஏழு நாள்ல போகாதுன்னு ஒங்களுக்கே தெரியும்தானே. சிகிச்சை விளம்பரத்துக்கு லெம்பாகா இக்லான் உபாட்ல, அதான் மருந்து விளம்பர வாரியத்துல, அனுமதி வாங்கணும், கிளினிக் விளம்பரத்துல ஓரமா கேகேஎல்ஐயுன்னு ஒரு நம்பர் இருக்குமே, அதான். அடுத்த பூஸ்டுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி அங்க ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

அங்கிள் வீடியோவும் வேணாம். ஒருத்தரோட ஒடம்பு விசயம் 2010 தனிநபர் தகவல் சட்டத்துல ரொம்ப கவனமா வச்சிக்க வேண்டிய தகவல், அவரே தெளிவா சம்மதம் சொல்லணும். மூஞ்சிய மறைச்சிட்டா போச்சுன்னு நெனைக்காதீங்க, நம்ம ஊர்ல கட்டியிருக்குற கைலிய பாத்தே இது இன்னார்னு சொல்லிடுவாங்க, மறுநாள் காலையில ரொட்டி சானாய் கடையில அதான் பேச்சு.

சரி, ஆள் ஏன் வரல? முட்டி வலி யாருக்கு, இருபது முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன பாட்டிக்கு. பாட்டி டிக்டாக்ல இல்ல. எங்கம்மாவும் மரம் வெட்டுனவங்கதான், போன்ல அவங்களுக்கு தெரிஞ்சது பச்ச பட்டன் செவப்பு பட்டன் மட்டும். அவங்கள பிசியோவுக்கு கூட்டிட்டு போனது ஷா ஆலாம்ல இருக்குற என் தங்கச்சி, காசு குடுத்ததும் அவதான். அந்த மாதிரி ஷா ஆலாம், கிள்ளான்ல வேல செய்ற மக, மருமகதான் ஒங்க ஆளு. அவ இருக்குறது குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல. பூஸ்ட் போட்டா அந்த ஊருங்கள தேர்ந்தெடுத்து போடுங்க, மெட்ராஸ் எதுக்கு?

அந்த மக மொதல்ல கேக்குறது ஒங்க படிப்ப இல்ல. அம்மா படி ஏறணுமா? கார் வாசல் வரைக்கும் வருமா? பொம்பளயா பாக்குறவங்க? ஒரு தடவைக்கு எவ்ளோ? என் தங்கச்சி இந்த நாலையும் கேட்டு மூணு எடத்துக்கு போன் அடிச்சா, ஒருத்தரும் ஒழுங்கா பதில் சொல்லல. இத வாட்ஸ்அப் பிசினஸ்ல பதிலா எழுதி வச்சிடுங்க, வாசல் போட்டோ ஒண்ணு, கூகுள் மேப் பின் ஒண்ணு. பின் சரியா நிக்குதான்னு நீங்களே ஒருவாட்டி ஓட்டி பாருங்க, தோட்டத்து பக்கம் அது பாதி நேரம் செம்பனை காட்டுக்குள்ள கொண்டு போய் விட்டுரும்.

வீடியோ வேணும்னா ஒங்க அம்மாவ பிளாஸ்டிக் நாற்காலில ஒக்கார வச்சி எடுங்க, கால நீட்டி அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சி மெதுவா எறக்குறது, 10 தடவ, அவ்ளோதான், ஒரு நிமிசத்துக்கு கொஞ்சம் மேல. தமிழ்ல ஒண்ணு மலாய்ல ஒண்ணு. தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பத்து மலைக்கு நடக்கப் போறவங்களுக்கு கெண்டைக்கால் பயிற்சி போடுங்க, குரூப் குரூப்பா போகும். வலி அதிகமானா நிறுத்திட்டு டாக்டர பாக்கச் சொல்லி கடைசில ஒரு வரி சேருங்க.

அத்தை பையன் கோவிச்சிக்குவான். வாசல் போட்டோ எடுக்குற வேலைய அவன்கிட்ட குடுத்துடுங்க லா.