புது பேட்டரி போட்டும் ஏர்டேக் ஒலிக்கவில்லையா?

கேள்வி: ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கும் ஏர்டேக்கில் (தொலைந்த பொருளைத் தேட உதவும் ஆப்பிள் கருவி) பேட்டரி குறைந்துவிட்டதாக ஐபோன் காட்டியது. கடையில் சிஆர் 2032 பேட்டரி வாங்கிப் போட்டேன். சத்தமே வரவில்லை. அதே அட்டையிலிருந்த இன்னொன்றைப் போட்டாலும் அப்படித்தான். பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டால் ஒலிக்கிறது! வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால், கசப்புப் பூச்சு உள்ளதா என்று கேட்டுத்தான் வாங்கினேன். பழுது ஏர்டேக்கிலா, பேட்டரியிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. பழைய பேட்டரியில் ஒலி வருகிறது என்றால் ஏர்டேக் நன்றாக இருக்கிறது. புது பேட்டரிகளிலும் அநேகமாக மின்சாரம் இருக்கிறது. நடுவில் தடுப்பது நீங்கள் கேட்டு வாங்கிய அந்தக் கசப்புப் பூச்சுதான்.

குழந்தை வாயில் வைத்தால் உடனே துப்பிவிட வேண்டும் என்பதற்காக டியூராசெல் போன்ற சில நிறுவனங்கள் பட்டன் பேட்டரியின் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடும் கசப்புப் பொருளைப் பூசுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மைனஸ் பக்கத்தில் ஒரு வளையம் போல அது படிந்திருக்கும். கார் சாவி, எடை பார்க்கும் கருவி போன்றவற்றில் உலோகத் தகடு பெரும்பாலும் பேட்டரியின் நடுவில் அழுத்துவதால் தொல்லை தெரியாது. ஏர்டேக்கில் தொடும் முனைகள் சின்னவை, குழியின் ஓரத்தை ஒட்டி இருப்பவை. முனை பூச்சின் மேல் போய் உட்கார்ந்தால் இணைப்பே கிடைக்காது. பூச்சு எந்த இடத்தில் அமைகிறது என்பதைப் பொறுத்து இத்தகைய பேட்டரிகள் சில ஏர்டேக்கில் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டியில் எச்சரித்திருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. எழுத்து இல்லாத மைனஸ் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்புக்கு நடுவே மங்கலாக ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் பூச்சு. பேட்டரியைக் குழிக்குள்ளேயே கால்வட்டம் திருப்பி அழுத்திப் பார்க்கலாம். சில சமயம் அதிலேயே ஒலித்துவிடும். ஆனால் சாவிக்கொத்து குலுங்கும்போது மறுபடி விட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அரை நிமிடம் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் போடுவதும் பலருக்குக் கைகொடுக்கும் வழி. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் நிக்கல் முலாம் போய்விட்டால் அடியிலுள்ள எஃகு துருப்பிடிக்கும்.

எங்கள் பரிந்துரை இதையெல்லாம் விடச் சுலபமானது. பூச்சு இல்லாத சிஆர் 2032 ஒன்றை, கத்தரிக்கோலால் வெட்டினால்தான் திறக்கும் கெட்டி உறையோடு வாங்குங்கள். பேட்டரி கருவிக்கு வெளியே இருக்கும்வரை அந்த உறைதான் உங்கள் குழந்தைக்குப் பாதுகாப்பு. வாங்கி வைத்திருக்கும் பூச்சுள்ள பேட்டரிகள் வீணாகாது, எடைக்கருவிக்கோ கார் சாவிக்கோ உதவும். அவற்றைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், கசப்பு விரலிலேயே நிற்கும்.

வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். 2032 என்பதில் 20 என்பது விட்டம், 20 மில்லிமீட்டர். 32 என்பது தடிமன், 3.2 மில்லிமீட்டர். கையிருப்பில் 2032 இல்லையென்றால் '2025 போட்டுக்கோங்க, அதே மூணு வோல்ட்தான்' என்று சில கடைகளில் கொடுத்துவிடுவார்கள். வோல்ட் ஒன்றுதான்; ஆனால் 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் உள்ளே ஆடும், கொள்ளளவும் குறைவு. மிச்சமிருக்கும் இடைவெளியில் காகிதத்தை மடித்து வைத்துச் சமாளிக்கவும் கூடாது. எல்ஐஆர் 2032 என்று இருந்தால் அது ரீசார்ஜ் செய்யும் வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், 3 வோல்ட் கருவிக்கு அது அதிகம். தவிர, நல்ல சிஆர் 2032-இல் ஏறத்தாழ 220 மில்லியாம்பியர் மணி இருக்கும் இடத்தில் இதில் 40 அளவே. இணையத்தில் 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று விற்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

பூச்சும் இல்லை, எண்ணும் சரி, இருந்தும் ஒலி வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பழைய சரக்கு. இதில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் பலரை ஏமாற்றும். புது பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஓய்ந்துபோன பேட்டரியும் சும்மா வைத்து அளந்தால் 2.9, 3.0 என்று காட்டி நல்லது போல நடிக்கும். ஏர்டேக் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டே இருந்து, புளூடூத் அலை அனுப்பும்போதும் ஒலி எழுப்பும்போதும் மட்டும் ஒரு நொடியின் சிறு பகுதியில் சில மில்லியாம்பியர்களை வெடுக்கென்று இழுக்கும். வயதான பேட்டரியில் உள்மின்தடை ஏறியிருப்பதால் அந்த இழுப்பில் வோல்ட் சரிந்து, கருவி அணைந்து அணைந்து எழும். அதனால் அளப்பதானால் சுமை கொடுத்து அளக்க வேண்டும். 100 ஓம் மின்தடை ஒன்றை பிளஸ் மைனஸுக்கு நடுவே இரண்டு நொடி மட்டும் வைத்து அளவைப் பாருங்கள். 2.7 வோல்ட் பக்கத்தில் நின்றால் நல்ல பேட்டரி. 2.4-க்குக் கீழே வழுக்கினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேனாசானிக், மாக்செல், முராட்டா பெயர்களில் நம்பகமானவை கிடைக்கின்றன, ஆனால் உதிரியாக டப்பாவில் கொட்டி வைத்திருப்பதை எந்தப் பெயரில் இருந்தாலும் தவிர்ப்பது நல்லது. ஒன்றோடொன்று உரசி அங்கேயே பாதி தீர்ந்திருக்கும்.

இனி மாற்றும் முறை. வெள்ளைப் பக்கம் உள்ளங்கையிலும் எஃகு மூடி மேலேயும் இருக்கட்டும். கையைத் துடைத்து உலர்த்திக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களால் மூடியை அழுத்தி, அழுத்தம் தளராமல் கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்காமல் மூடியை எடுத்துவிடலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எஃகு வழுக்கும், வழுக்கியதும் ஸ்குரூடிரைவரைத் தேடிப் போவார்கள். நெம்புவதற்கு அங்கே இடமில்லை, விளிம்புதான் கீறிப்போகும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டாலே பிடி கிடைத்துவிடும்.

மூடியைத் திறந்ததும் குழியையும் மூடியின் விளிம்பையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்கூட்டர் சாவியில் இருப்பதால் மணல் இல்லாமல் இராது. ஏர்டேக்குக்கு ஐபி67 பாதுகாப்பு உண்டு, அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். மூடி மணலில் தூக்கி நின்றால் அந்தக் கணக்கு செல்லாது. பழைய பேட்டரியை நகத்தாலோ மரப் பல்குச்சியாலோ தூக்குங்கள். உலோக இடுக்கி பிளஸையும் மைனஸையும் ஒரே நேரத்தில் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். புதியதை ஓரத்தில் பிடித்து, எழுத்தும் பிளஸ் குறியும் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். தட்டையான முகங்களில் விரல் எண்ணெய் பட்டால் ஒரு துடைப்பு. பேட்டரி சரியாக அமர்ந்ததும் ஏர்டேக் ஒலிக்கும். சத்தம் வராவிட்டால் மூடியை மேலே வைத்து அழுத்துங்கள், அப்போது வர வேண்டும். மூடியில் மூன்று பல் இருக்கும், கருவியில் மூன்று பள்ளம். மூன்றும் பொருந்திய பிறகே கடிகார முள் திசையில் நிற்கும்வரை திருப்ப வேண்டும். ஒரு பல் பள்ளத்தில் இல்லாமலே திருப்பினால் மூடி சற்றே சாய்ந்து நிற்கும். விரலால் சுற்றி வருடினால் ஏற்றத்தாழ்வு தெரியும்.

பேட்டரியைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிச் சோதிப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஏர்டேக்கை ரீசெட் செய்யும் வழியே அதுதான். பேட்டரியை வைத்து அழுத்தி ஒலி கேட்பது, எடுப்பது, மறுபடி வைப்பது என்று ஐந்து முறை செய்தால், ஐந்தாவது ஒலி மற்ற நான்கிலிருந்து மாறிக் கேட்கும். கருவி புதிதாக இணையத் தயார் என்பது அதன் பொருள். நீங்கள் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டிருப்பதால் இதையும் பார்த்துவிடுங்கள். ஐபோனில் பொருளைத் தேடும் ஃபைண்ட் மை செயலியில் 'ஒலி எழுப்பு' கொடுத்தும் பதில் இல்லையென்றால், செயலியில் அந்தப் பொருளை நீக்கிவிட்டு, ஐபோன் அருகில் வைத்து மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும். சாதாரணமாக ஒரு முறை பேட்டரி மாற்றினால் இணைப்பு அழியாது, புதிதாக எதையும் அமைக்க வேண்டாம். மாற்றிய பிறகும் பேட்டரி குறைவு அடையாளம் சிறிது நேரம் நிற்கலாம். ஏர்டேக்கைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முறை ஒலிக்கச் செய்தால், போனுடன் பேசி நிலவரத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். திறந்திருக்கும்போதே உள்ளே அச்சிட்டுள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எதற்காவது தேவைப்படும்.

ஒரு பேட்டரி ஓராண்டுக்கு மேல் வரும் என்கிறது ஆப்பிள். அடிக்கடி ஒலிக்கச் செய்து தேடினால் குறையும். வெயிலும் குறைக்கும். கருவி தாங்கும் உச்ச வெப்பம் 60 டிகிரி செல்சியஸ், வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தாண்டக்கூடியது.

வேறு பிராண்டு வைத்திருப்பவர்களுக்கும் சிஆர் 2032 பொதுவானதுதான். சாம்சங் ஸ்மார்ட்டேக் 2-இல் திருகு மூடி கிடையாது, சிம் தட்டைத் திறக்கும் ஊசியைக் கொண்டு பேட்டரித் தட்டை வெளியே எடுக்க வேண்டும். டைல் வகைகளில் மட்டும் வாங்கும் முன் பாருங்கள். டைல் புரோவில் பேட்டரி மாற்றலாம். மெலிந்த அட்டை போன்ற டைல் ஸ்லிம்மில் முடியாது, பேட்டரி தீர்ந்தால் கருவியே தீர்ந்தது.

வீட்டில் குழந்தை இருப்பதால் இதை நிதானமாகப் படியுங்கள். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி விழுங்கப்பட்டால் உணவுக்குழாயில் சிக்கும் அளவு கொண்டது. சிக்கியதும் எச்சில் வழியே மின்சாரம் ஓடி, மைனஸ் முனையில் காரப்பொருள் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரிக்கத் தொடங்கும். 'தீர்ந்த பேட்டரிதானே' என்று நினைக்கக் கூடாது. ஏர்டேக்குக்குப் போதாத மின்சாரம் இதற்குப் போதும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், தானாக விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேன் தேடுவதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம். ஏர்டேக்கின் மூடி அழுத்தித் திருப்பினால் திறந்துவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். சாவிக்கொத்து குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக வேண்டாம்.

கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். டேப் ஒட்டுவது ஷார்ட் ஆகாமல் இருக்க. டப்பா நிறைந்ததும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.