எங்கள் ஊர் பண்பலை நிலையம் பெயரை மாற்றிவிட்டது. நேயர்கள் கோபப்படுவது நியாயமா?

நியாயம்தான். ஆனால் வெறும் பெயருக்காக வரும் கோபம் சில மாதங்களில் ஆறிவிடும். பெயரோடு சேர்த்து வேறு எதையாவது எடுத்துக்கொண்டு போனால், அந்தக் கோபம் ஆறவே ஆறாது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அந்த நிலையத்துக்கு எத்தனை பெயர்கள்! 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக ரேடியோ சியாக் என்ற இராணுவ வானொலி அங்கே வந்தது. அதன் கருவிகள் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் ரேடியோ சிலோன் பிறந்தது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமாக, அதாவது அரசுக் கழகமாக, மாறியது. 1972 மே மாதம் நாடு குடியரசானபோது ஆங்கிலப் பெயரில் இருந்த சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. தமிழ் அறிவிப்பில் ஏற்கெனவே 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த இரண்டாவது மாற்றம் தமிழ் நேயர்களின் காதில் விழவே இல்லை.

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. மத்திய அலை கடல்நீரின் மேல் அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். அதனால் சென்னையைவிடக் கொழும்பு எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. திரைப்பாட்டு என்றாலே கொழும்புதான் என்ற பழக்கம் எனக்கு முந்தைய தலைமுறையிலேயே ஏற்பட்டுவிட்டது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையை ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார். பாட்டுக்கு ஏங்கிய நாடே கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே பாட்டுக்காக விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் தென் மாவட்டங்களில் அந்தப் பழக்கம் விடவில்லை.

காலையில் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி கேட்டால்தான் தெருவில் அடுப்பு பற்றும். அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவின் வேகம், பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, இவற்றைக் கேட்டுத்தான் நாங்கள் தமிழைத் திருத்தமாகப் பேசக் கற்றோம். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. பள்ளியில் லகர ளகர வேறுபாடு வராத பையன்கள்கூட அந்த அறிவிப்புகளை அப்படியே சொல்லிக் காட்டுவார்கள்.

இவ்வளவு நேசித்த நிலையத்தின் புதுப்பெயரை ஊரில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. டீக்கடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் "சிலோன் வை தம்பி" என்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா நேயர் விருப்பத்துக்குக் கடிதம் எழுதுவார். முழுப்பெயரை வானொலியில் நாள்தோறும் கேட்பவர்தான். ஆனால் உறையின் மேல் 'சிலோன் ரேடியோ, கொழும்பு' என்று மட்டும் எழுதுவார். அதுவும் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் அவர் பெயரை வாசித்தார்கள். கையில் மாவோடு அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடிகிற வரை தெருவில் யாரையும் பேசவிடவில்லை. "பாட்டைவிட என் பெயரை எவ்வளவு அழகாகச் சொன்னார்கள் பார்த்தாயா" என்று அன்று முழுக்க அதே பேச்சு. இந்தி நேயர்களும் இப்படித்தான். அமீன் சயானி நடத்திய பினாகா கீத்மாலா என்ற இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு அது என்றைக்கும் ரேடியோ சிலோன்.

குரல்கள், நிகழ்ச்சிகள், நேரம், அலைவரிசை என்று எங்களுக்கு வேண்டியது எதையும் அந்தப் பெயர் மாற்றங்கள் தொடவில்லை. அதனால் நிலையம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அதன் பாட்டுக்கு இருந்தது, நாங்கள் கூப்பிட்ட பெயர் எங்கள் பாட்டுக்கு இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டோம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அகதிகள் மன்னார்ப் பக்கமிருந்து படகில் எங்கள் கரைக்கு வரத் தொடங்கினார்கள். அதன் பிறகு அதே டீக்கடையில் சிலோன் வைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த அறிவிப்பாளர்கள் மீது எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், அந்த ஊரிலேயே இருந்தவர்கள். என்றாலும் இலங்கை அரசின் நிலையத்திலிருந்து வரும் பாட்டைச் சிரித்த முகத்தோடு கேட்க முடியவில்லை. நிலையத்தின் பெயர் அன்று ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் விலகிப்போனார்கள். பாட்டுக்காக மட்டும் தொடர்ந்து கேட்டவர்களும் உண்டு; அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

2023 மே மாதம் ஆகாசவாணி விஷயத்தில் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அகில இந்திய வானொலியை ஆல் இந்தியா ரேடியோ என்று இனிச் சொல்லக்கூடாது, எல்லா மொழி ஒலிபரப்பிலும் இந்தியில் வழங்கிய ஆகாசவாணி என்ற பெயரையே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆங்கிலப் பெயர் 1936இலிருந்து இருந்தது. அந்த வானொலியை நடத்தும் பிரசார் பாரதி அமைப்புக்கான சட்டத்தில் ஆகாசவாணி என்றே இருக்கிறது என்பது அரசின் வாதம். தமிழர்களுக்கும் அது கேட்டறியாத பெயர் அல்ல. டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியறிக்கை அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்த காலத்தில் கோடிப் பேர் அதைக் கேட்டார்கள். அப்படியிருந்தும் கோபம் வந்தது. டெல்லியில் கையெழுத்தான ஒரு சுற்றறிக்கை திருச்சி, நெல்லை நிலையங்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறது. நேயர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தித் திணிப்புக்கு எதிராக 1938இலிருந்து போராடிவந்த மாநிலத்தில் இது வேறு எப்படி எடுத்துக்கொள்ளப்படும்? அந்தக் கோபம் முழுக்க நியாயம் என்பதே என் கருத்து.

உங்கள் ஊர் நிலையத்துக்கு வருகிறேன். புதுப் பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, காலை நிகழ்ச்சியை ஒரு வாரம் கவனமாகக் கேளுங்கள். தொகுப்பாளர் உங்கள் ஊரில் உட்கார்ந்துதான் பேசுகிறாரா, அல்லது எல்லா ஊருக்கும் சேர்த்து வேறு நகரத்தில் பதிவு செய்ததை ஓட்டுகிறார்களா? மழை பெய்தால் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்கிறார்களா? உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒதுக்கிய நேரம் இன்னும் இருக்கிறதா? இவை எல்லாம் அப்படியே இருந்தால் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டு நிம்மதியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நிலையத்துக்கு எழுதுங்கள். எந்த நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு வந்தது, யார் நடத்தினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று குறிப்பிட்டு, தெரிந்த நேயர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.