மங்களத்தை வெட்டாமல் டிஸ்க்கில் அடக்க முடியுமா?

கேள்வி: என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை வீடியோ எடுத்தவர், டிவிடியில் எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு ஃபோல்டராகக் கொடுத்தார். 1 மணி 40 நிமிடம் ஓடுகிறது. விண்டோஸ் 4.5 ஜிபி என்று காட்டுகிறது. டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்க, இடம் போதாது என்கிறது கணினி. கடையில் கேட்டேன். கடைசியில் வரும் மங்களத்தை வெட்டிவிடலாம் என்கிறார்கள். ஈப்போவில் உள்ள என் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அவரிடம் பழைய டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. பென்டிரைவ் செருக வழியில்லை.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மங்களத்தில் கைவைக்க யாரையும் விடாதீர்கள், அம்மா. பேத்தி குருவை வணங்கி நிற்பதைப் பார்க்காமல் பாட்டிக்கு அது என்ன அரங்கேற்றம்?

முதலில் கணக்கு. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 1,000,000,000 பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதனால் உறையில் உள்ள 4.7, உங்கள் திரையில் ஏறக்குறைய 4.38தான். உங்கள் ஃபோல்டர் அதைவிட 0.12 ஜிபி கூடுதல். இதற்காக ஒரு நொடி ஆட்டத்தைக்கூட இழக்க வேண்டியதில்லை.

ஒலியைப் பாருங்கள். விஎல்சி பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, கருவிகள் பட்டியலில் கோடெக் தகவலைத் திறந்தால் ஒலியின் வகை தெரியும். பிசிஎம் என்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. சுருக்கப்படாத அந்த ஸ்டீரியோ ஒலி நொடிக்கு 1,536 கிலோபிட் தின்கிறது. 1 மணி 40 நிமிடத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். அதையே டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய ஒலி வகையில் 256 கிலோபிட்டாக மாற்றினால் 0.9 ஜிபி மிச்சம். ஃபோல்டர் 3.6 ஜிபிக்கு இறங்கிவிடும். நட்டுவாங்கத் தாளமும் சலங்கையும் அந்த அளவிலும் தெளிவாகவே கேட்கும். திருமணம், திருவிழா என்று நான் எழுதிக்கொடுத்த டிஸ்க்குகளிலெல்லாம் இதைத்தான் முதலில் செய்வேன். வீடியோ எடுத்தவரிடம், “படத்தை அப்படியே வையுங்கள், ஒலியை மட்டும் டால்பிக்கு மாற்றிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அவருக்கு இது சின்ன வேலை.

ஒலி ஏற்கனவே டால்பி என்றால் (விஎல்சியில் ஏ52 என்று வரும்) அசையும் படத்தோடு இசை ஓடும் மெனுவை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டிவிடி ஷ்ரிங்க் என்ற பழைய இலவச மென்பொருள் படத்தை இன்னும் சற்றுச் சுருக்கித் தரும். உங்களுக்குக் குறைய வேண்டியது நூற்றுக்கு மூன்று பங்குக்குள்தான், கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கு இருபது என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். இருண்ட மேடையில் வேகமான ஜதிக்குக் கால்கள் கட்டம் கட்டமாக உடையும்.

8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் இருக்கிறது. ஆனால் பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்கத் திணறும் என்பதால் ஈப்போவுக்கு அனுப்ப நான் சொல்ல மாட்டேன். டிவி படத்துக்குச் சிங்கப்பூரைப் போலவே மலேசியாவும் பால் (PAL) என்ற முறைதான், அங்கே ஓடுமா என்ற கவலை வேண்டாம்.

கேள்வி: எனக்கு 5 எம்பிதான் கூடுதல். டிவிடி பிளஸ் ஆர் (DVD+R) டிஸ்க்கில் ஓவர்பர்ன் செய்யலாமா, அதாவது அதன் அளவைத் தாண்டி எழுதலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: வேண்டாம். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. மிஞ்சியது போய் உட்காருவது விரல் படும் விளிம்பில். நிகழ்ச்சியின் முடிவுதான் முதலில் கெடும். சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போனால் டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) கேட்டு வாங்குங்கள். பிளஸ் ஆர் கொள்வது 4,700,372,992 பைட். மைனஸ் ஆர் 4,707,319,808. உங்கள் 5 எம்பி அதில் அடங்கும். வேகத்தை 8 எக்ஸுக்கு மேல் ஏற்றாமல் எழுதி, சரியாகப் பதிந்ததா என்று கணினி பார்க்கும் வெரிஃபை முடிந்த பிறகு டிஸ்க்கை வெளியே எடுங்கள்.