ஊட்டிக் குளிரில் வென்ஃப்ளான் போட நரம்பே கிடைப்பதில்லை, என்ன செய்வது?

நர்சிங் இரண்டாம் ஆண்டு, ஊட்டியில் வார்டு போஸ்டிங், பொம்மைக் கையில் ஒழுங்காகப் போகிற வென்ஃப்ளான் (சலைன், மருந்து ஏற்ற ஊசியோடு நரம்பில் செருகும் சின்னப் பிளாஸ்டிக் குழாய்) நோயாளியிடம் மட்டும் சொதப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குன்னூரில் பதினோரு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். ஜனவரி மாதக் காலை ஷிப்டில் எனக்கும் சொதப்பும்.

குளிரில் உடம்பு சூட்டைக் காப்பாற்றத் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். வாந்திபேதியில் நீரும் வற்றிப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொழுந்து பறிக்கும் பாட்டி ஒருவரை மூன்று முறை குத்திவிட்டேன். "கண்ணு, முதல்ல உன் கையைச் சூடு பண்ணு, ஐஸாட்டம் இருக்குது" என்றார். சீனியர் அக்கா வந்து ஊசியைத் தொடவே இல்லை. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அவர் கைமேல் வைத்து, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, பத்து நிமிடம் ஊர்க்கதை பேசினார். அப்புறம் நீல வென்ஃப்ளான் ஒரே குத்தில் ஏறியது. (சர்க்கரை நோயில் கை மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. பையை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.)

நரம்பைக் கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள். அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும்புவது நல்லது. கயிறு மாதிரி கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். துடித்தால் அது தமனி. நாம் நரம்பு என்று சொன்னாலும் குத்துவது சிரையைத்தான். நிஜ நரம்பில் பட்டால் நோயாளிக்கு ஷாக் அடித்த மாதிரி இருக்கும், அந்த நொடியே ஊசியை எடுத்துவிட வேண்டும். டோர்னிக்கெட்டை (நரம்பு புடைக்கக் கையை இறுக்கும் பட்டை) குத்தும் இடத்துக்கு நாலு விரல் மேலே கட்டினால் போதும். கட்டிய பிறகும் மணிக்கட்டில் நாடி கிடைக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டால் காயவிடுங்கள், துடைத்த இடத்தைத் திரும்பத் தடவாதீர்கள்.

முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது ரத்தம் தெரிந்த பிறகுதான். ஊசி நுனி பிளாஸ்டிக் குழாயைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சேம்பரில் (ஊசியின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடி மாதிரி அறை) ரத்தம் வந்துவிட்டதென்றால் நுனி மட்டும் உள்ளே போயிருக்கிறது, குழாய் இன்னும் வாசலில் நிற்கிறது. 10 முதல் 30 டிகிரிச் சாய்வில் குத்தியதை அப்போது தோலோடு படுக்கவைத்து, ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, அதன் பிறகு ஊசியை அசைக்காமல் குழாயை மட்டும் நகர்த்துங்கள். அவ்வளவு நேரமும் இடது கை தோலை இழுத்தே பிடித்திருக்கட்டும். வயதானவர்களுக்கு நரம்பு உருண்டு ஓடும். வெளியே எடுத்த ஊசியை மறுபடி குழாய்க்குள் செருகவே கூடாது. குழாய் உள்ளேயே அறுந்து ரத்தத்தோடு போய்விடலாம். டோர்னிக்கெட்டை அவிழ்த்த பிறகுதான் ஊசியை முழுதாக உருவ வேண்டும். சலைன் தள்ளும்போது வீங்கினால் எடுத்துவிடுங்கள்.

அளவு பற்றிக் குழம்ப வேண்டாம், எண் ஏற ஏறக் குழாய் சிறுக்கும். ரத்தப்போக்கு என்றால் பச்சை 18, வெறும் ஆன்டிபயாடிக் என்றால் நீலம் 22. இரண்டு முறை தவறினால் சீனியரைக் கூப்பிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் போஸ்டிங் விழுந்தால் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள ஆதிவாசி நோயாளிகளைப் பார்ப்பீர்கள். இந்தியாவில் பழங்குடியினரிடம் அது 1952-ல் முதலில் பதிவானதே நீலகிரியில்தான். குளிரும் நீர் வற்றுவதும் அவர்களுக்கு வலியைக் கிளப்பிவிடும். அடிக்கடி ஊசி ஏறிய கை, பாதி நரம்பு தழும்பாகியிருக்கும். போர்வையைப் போர்த்திவிட்டு, "எந்தக் கையில எப்பவும் கிடைக்கும்?" என்று அவர்களையே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகூடச் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டும்.