கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2004ஆம் ஆண்டு நடந்த என் மகளின் திருமண வீடியோ இரண்டு வீசிடிகளில் இருக்கிறது. கணினியில் போட்டால் ‘.டிஏடி’ என்று முடியும் கோப்புகளே தெரிகின்றன. எந்த மென்பொருளில் திறப்பது என்று கணினி கேட்கிறது. மின்னஞ்சலில் வந்த வேறொரு ‘.டிஏடி’ கோப்பும் திறக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மென்பொருள் போதுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போதாது, அம்மா. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த எழுத்துகளை நீட்டிப்பு என்கிறோம். அது கோப்பின் பெயரைச் சேர்ந்தது. எந்த மென்பொருளை அழைப்பது என்று விண்டோஸ் முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான். ஆனால் ‘.டிஏடி’ என்ற நீட்டிப்புக்குத் தனி உரிமையாளர் யாரும் இல்லாததால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல மென்பொருள்கள் அதைத் தத்தம் கோப்புகளுக்குச் சூட்டுகின்றன. ஆகவே கோப்பு எங்கிருந்து வந்தது, எது அதை உருவாக்கியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வீசிடியைத் திறந்தால் ‘எம்பிஇஜிஏவி’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதனுள் ‘ஏவிசீக்01.டிஏடி’ என்பது போன்ற பெயரில் உள்ளதுதான் திருமண வீடியோ. உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற பழைய வீடியோ முறை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயர், பெயரை மாற்றாமலே அதை ஓட்டும். ‘.எம்பிஜி’ என்று பெயர் மாற்றினால் வேறு சில பிளேயர்களிலும் ஓடுவதுண்டு. உள்ளே ஏற்கெனவே எம்பெக் இருப்பதால்தான் அப்படி ஓடுகிறதே தவிர, பெயரை மாற்றுவதால் கோப்பு எதுவும் மாறிவிடுவதில்லை. எழுதப்பட்ட வட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்லப் படிக்க முடியாமல் போகக்கூடும் என்பதால், மற்ற வேலைகளுக்கு முன் இரண்டு வட்டுகளையும் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மின்னஞ்சலில் வந்த கோப்பின் பெயர் ‘வின்மெயில்.டிஏடி’ என்று இருந்தால், அது அவுட்லுக் மென்பொருள் தன் கடிதத்தையும் இணைப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். அனுப்பியவரிடம் கடிதத்தை ‘ஹெச்டிஎம்எல்’ வடிவில் மறுபடி அனுப்பச் சொல்வதே சுருக்கமான வழி.

கேள்வி: ராயபுரத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பழைய கணினி பழுதாகிவிட்டது. கோயில் திருவிழா நோட்டீஸ், திருமணப் பத்திரிகை எல்லாம் ‘.பி65’, ‘.பிஎம்டி’, ‘.சிடிஆர்’ கோப்புகளாக இருக்கின்றன. இணையத்தில் தேடினால், எந்தக் கோப்பையும் திறக்கும் என்று சொல்லி ஏதேதோ மென்பொருள்களை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வேண்டாம். எல்லாக் கோப்பையும் திறக்கும் மென்பொருள் என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி இறக்கச் சொல்பவை வேண்டாத விளம்பரங்களையும் சில நேரம் வைரஸையும் உள்ளே கொண்டுவருகின்றன.

‘.பி65’ பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் 6.5 பதிப்பின் கோப்பு, ‘.பிஎம்டி’ 2001இல் வந்த 7ஆம் பதிப்பின் கோப்பு. அதோடு பேஜ்மேக்கரின் கதை முடிந்தது. அடோபியின் மற்றொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் இவற்றைத் திறந்தன. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு சற்றுக் கலையலாம், ஆனால் வாசகத்தை மீட்டுவிடலாம். ‘.சிடிஆர்’ கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் கோப்பு. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது என்பது உங்கள் தொழிலில் தெரிந்ததுதான். கோரல்டிரா இல்லாத இடத்தில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் பெரும்பாலும் கைகொடுக்கும்.

தமிழ் அச்சுக்காரர்கள் மனம் தளரும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கோப்பு திறந்துவிடும், ஆனால் ‘மங்கள வாத்தியம் முழங்க’ என்று இருக்க வேண்டிய வரியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. அதே எழுத்துருவை நிறுவினால்தான் வரி தமிழாகத் தெரியும். ஆகவே பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் நகலெடுங்கள். பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன்னுள் வைக்காமல் இணைப்பாக மட்டுமே வைத்திருக்கும் என்பதால், ‘.டிஐஎஃப்’ படக் கோப்புகளும் கூடவே வர வேண்டும். மீட்டவற்றை உடனே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள்.

நீட்டிப்பே இல்லாத கோப்பு இருந்தால், அதன் நகலொன்றை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் ஆங்கிலத்தில் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப்; பி, கே என்று தொடங்கினால் ஜிப் அல்லது புதிய வேர்டு, எக்செல் கோப்பு. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தது. ‘.ஏபிகே’ என்று முடிகிறது. திறக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: திறக்கவே கூடாது. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ வரும், ‘.ஏபிகே’ என்பது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு. நிறுவி அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், உங்கள் குறுஞ்செய்திகளையும் அவற்றில் வரும் ஓடிபி எண்களையும் அதனால் படிக்க முடியும். கணினியில் ‘.இஎக்ஸ்இ’ அதே போன்றது. ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று பெயர் வைத்து அனுப்புவார்கள். தெரிந்த நீட்டிப்புகளை விண்டோஸ் மறைத்துவைப்பதால் ‘பில்.பிடிஎஃப்’ மட்டுமே கண்ணில் படும். இந்த மறைப்பு தவறான ஏற்பாடு என்பதே என் கருத்து. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பெயரும் தெரியும்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால், உடனே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்தி, செயலியை நீக்கி, வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.