ஆறு பள்ளிக்கு அப்ளிகேஷன் போட்டு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகன் 6-ஆம் வகுப்பு. படிப்பில் கெட்டிக்காரன், கிரிக்கெட்டும் நன்றாக ஆடுவான். 8-ஆம் வகுப்புக்கு அவனை எங்கள் மாகாணத்திலேயே மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் போர்டிங் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் நாத்தனார், "ஆறு பள்ளிக்காவது போட்டு வையுங்கள், எங்கேயாவது ஒன்று கிடைக்கும்" என்கிறார். விண்ணப்பக் கட்டணம் மட்டும் மொத்தம் பத்தாயிரம் ரேண்ட் வரும் போலிருக்கிறது. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 78,000 ரேண்ட் கைக்கு வருகிறது. வீட்டு பாண்ட் (வீட்டுக் கடன்), கார், மெடிக்கல் எய்ட், மாமியாரின் மருந்து எல்லாம் போக 19,000 மிஞ்சும். சேமிப்பு என்று பெரிதாக இல்லை. ஆரம்பச் செலவுக்கு ஓய்வூதிய நிதியிலிருந்து 30,000 எடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். 3-ஆம் வகுப்பில் ஒரு மகளும் இருக்கிறாள். எத்தனை பள்ளிக்குப் போடுவது சரி?

பதில்: சகோதரி, தனியாரில் இரண்டு. அதோடு ஹாஸ்டல் உள்ள ஓர் அரசுப் பள்ளி. இதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் நாத்தனார் சொல்வது இடம் கிடைப்பதைப் பற்றி. நீங்கள் என்னிடம் கேட்பது பணத்தைப் பற்றி. ஆறு பள்ளிக்குப் போட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்தான். கட்டணம் கட்டும் சக்தி கூடாது. ஆறு வாளி இறக்கினாலும் கிணறு ஒன்றுதானே.

முதலில் கிணற்றின் ஆழத்தைப் பார்ப்போம். ஹில்டன் கல்லூரி, பால்கோவனில் உள்ள மைக்கேல்ஹவுஸ் போன்ற பள்ளிகளில் படிப்பும் தங்கலும் சேர்ந்து ஆண்டுக்கு 3.5 லட்சம் ரேண்டை எப்போதோ தாண்டிவிட்டது. உங்கள் கணக்குக்கு 3.5 லட்சம் என்றே வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறுவதாகப் போட்டுப் பார்த்தேன். மகன் 8-ஆம் வகுப்பில் நுழையும் ஆண்டில் சுமார் 4 லட்சம், மேட்ரிக் ஆண்டான 12-ஆம் வகுப்பில் 5.25 லட்சம், ஐந்தாண்டுக்கு மொத்தம் ஏறத்தாழ 23 லட்சம். மாதக் கணக்கில் 33,400 ரேண்டில் தொடங்கி 43,800-இல் முடிகிறது. சீருடை, கிரிக்கெட் சாமான், டூர், விடுமுறைக்கு ஓட்டிப் போய் அழைத்துவருவது ஆகியவற்றுக்கு மாதம் 2,500 சேருங்கள், அதுவும் ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டு. கிரிக்கெட் ஆடும் பையன் என்கிறீர்கள், டூர் செலவு நிச்சயம் உண்டு.

உங்களிடம் மிஞ்சும் 19,000 ஆண்டுக்கு 5 சதவீதம் கூடினால், அவன் சேரும்போது மாதம் 21,000 ஆகியிருக்கும். முழுக் கட்டணம் என்றால் முதல் ஆண்டிலேயே மாதம் 15,000 துண்டு விழும். இப்போதிருந்து இரண்டு ஆண்டு அந்த 19,000-ஐ அப்படியே சேர்த்து வைத்தாலும் கையில் 4.5 லட்சத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். துண்டு விழுவதை அதிலிருந்து ஈடுகட்டிக்கொண்டே போனால், 10-ஆம் வகுப்பு பாதி தாண்டுமுன் அது தீர்ந்துவிடும். மேட்ரிக்குக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கத் தொடங்கும் ஆண்டு அது. அந்த நேரத்தில் பிள்ளையைப் பள்ளி மாற்றுவது எல்லா வழிகளிலும் மோசமான வழி.

பாதிக் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கதை வேறு. முதல் ஆண்டில் எல்லாம் சேர்த்து மாதம் 19,200, மேட்ரிக் ஆண்டில் 25,200. உங்கள் மிச்சம் அதே காலத்தில் 21,000-இலிருந்து 25,500 வரை போகும். மூச்சு முட்டும், ஆனாலும் கட்டிவிடலாம். ஆக, உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பாதிக்குக் குறையாத உதவி கிடைக்கக்கூடிய பள்ளிகள் எத்தனை என்பதே கேள்வி. அந்தப் பட்டியல் ஆறு இருக்காது. ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் போன் போட்டு, ஸ்காலர்ஷிப் அதிகபட்சம் எத்தனை சதவீதம், ஐந்தாண்டும் தொடருமா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பெயருக்கு ஸ்காலர்ஷிப் என்று சொல்லிக் கொஞ்சம் மட்டும் தள்ளிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. பர்சரி என்பது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது. 78,000 கைக்கு வரும் வீடு அதற்குப் பணக்கார வீடாகத் தெரியும், முழுக் கட்டணத்துக்கோ ஏழை வீடு. நம்மில் பலர் மாட்டிக்கொண்டிருக்கும் நடு இடம் இது. எனவே மகனின் தேர்வு மதிப்பெண்ணையும் மட்டையையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

பத்தாயிரம் விண்ணப்பக் கட்டணத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். போனால் போகிற காசு அது. பெரிய கத்தி அதற்குப் பிறகுதான் வரும். இடம் கொடுத்தோம் என்று கடிதம் வந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் ஏற்புத் தொகை கட்டச் சொல்வார்கள். சில பள்ளிகளில் அது திரும்பாது. சில இடங்களில் பையன் பள்ளியை விட்டுப் போகும்போது வட்டியில்லாமல் திரும்பும். நாலு பள்ளியில் இடம் கிடைத்து, ஸ்காலர்ஷிப் முடிவு எதிலும் வரவில்லை என்றால், பயத்தில் பெற்றோர் இரண்டு இடத்தில் கட்டிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வழக்கமாக இன்னொரு வரியும் இருக்கும்: விலகுவதானால் ஒரு முழு டெர்முக்கு முன் எழுத்தில் நோட்டீஸ், தவறினால் ஒரு டெர்ம் கட்டணம். ஆண்டுக்கு மூன்று டெர்ம் நடத்தும் பள்ளி என்றால், உங்கள் மகன் ஒரு நாள்கூட உட்காராத வகுப்புக்கு 1.3 லட்சம் ரேண்ட். அதிகம் போட்டு வைப்பதில் உள்ள உண்மையான விலை இதுதான். அதனால் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே ஒப்பந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்காலர்ஷிப் முடிவு வரும்வரை ஏற்புத் தேதியைத் தள்ளித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் பள்ளி உங்கள் இரண்டில் ஒன்றாக இருக்கக் கூடாது.

ஓய்வூதிய நிதியில் கை வைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள, புதிதாகச் சேரும் ஓய்வூதியப் பணத்தை இரண்டாகப் பிரிக்கும் இரு பானைத் திட்டத்தில், ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பது சரி. ஆனால் எடுக்கும் தொகை அவருடைய அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். அவர் 36 சதவீதப் படியில் இருந்தால் 30,000-இல் 10,800 வரித்துறையான சார்ஸுக்குப் போகும், 19,200 உங்களுக்கு. நிதி நிறுவனத்தின் கட்டணம் தனி. உங்கள் ஒரு மாத மிச்சத்துக்காக ஓய்வுக்காலப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வரிக்குக் கொடுப்பானேன்?

அரசுப் பள்ளியை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாரிட்ஸ்பர்க் கல்லூரி 1863-இலிருந்து இருக்கிறது, ஹாஸ்டல் உண்டு, கிரிக்கெட்டுக்குப் பெயர் போனது. டர்பன் ஹைஸ்கூலிலும் ஹாஸ்டல் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் சேர்க்கைக்கென்று தனிப் பதிவுக் கட்டணம் வாங்க 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, ஆகவே விண்ணப்பிப்பதால் நஷ்டம் கிடையாது. தனியார் பள்ளிகள் பலவற்றில் எழுதும் ஐஇபி (தனியார் தேர்வு வாரியம்) மேட்ரிக்கும் அரசு மேட்ரிக்கும் கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் உமலுசி அமைப்பின் சான்றிதழோடுதான் வருகின்றன, பல்கலைக்கழகம் இரண்டையும் ஏற்கும். போர்டிங் வேண்டும் என்ற ஆசையும் நிறைவேறும். எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவச் சாப்பாடு கொடுப்பார்களா என்று ஓபன் டேயிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு, பிறகு வார இறுதிதோறும் என்3 சாலையில் சாம்பார் டப்பாவோடு போய்வரும் தாய்மார்களை எனக்குத் தெரியும்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் அவளுக்குக் கிடைத்தது கடைசி வரிக்கு முந்தின ஒரு வரி. மகன் 11-ஆம் வகுப்பில் இருக்கும்போது அவள் 8-இல் நுழைவாள். இரண்டு ஆண்டு இருவரும் ஒரே நேரத்தில் உயர்நிலைப் பள்ளியில். மேலே போட்ட பாதிக் கட்டணக் கணக்கில் அவளுக்கென்று ஒரு ரேண்ட்கூட மிஞ்சவில்லை. மகனுக்கு மிட்லண்ட்ஸ், மகளுக்குப் பக்கத்துத் தெருப் பள்ளி என்று நம் வீடுகளில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை, பணம் தீர்ந்துபோய்த் தானாக அப்படி ஆகிவிடுகிறது. வேண்டுமென்றே எடுக்கும் முடிவாக இருந்தால் நான் குறுக்கே வரமாட்டேன். மகனுக்கு முக்கால் பங்குக் கட்டணம் குறைந்தால் மட்டுமே தனியார், இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்ல அரசுப் பள்ளி என்று வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் நிதானமாக நிற்கும். என்னைக் கேட்டால் அதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. மாதம் 19,000 மிஞ்சுகிறது, சேமிப்பு பெரிதாக இல்லை என்று அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க வழியில்லை. சம்பளம் வந்த மறுநாளே 19,000-ஐ வீட்டு பாண்ட் கணக்கில் கூடுதலாகக் கட்டிவிடுங்கள், வங்கி திரும்ப எடுக்க அனுமதிக்கும் வகை பாண்டாக இருந்தால். அப்படி இல்லையென்றால் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். தீபாவளி மாதத்தையும் டிசம்பரையும் சேர்த்து ஆறு மாதம் தொடாமல் இருக்க முடிந்தால் இரண்டு விண்ணப்பத்தையும் அனுப்புங்கள். நடுவில் எடுக்க வேண்டிவந்தால், எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைக் கழித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், புதிய தொகையில் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.