புரண்டு படுத்தால் அறை சுற்றுகிறதா? காதைப் பாருங்கள்

கேள்வி: வயது 29, டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். மூன்று வாரமாக, படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை கிறுகிறுவென்று சுற்றுகிறது, குமட்டுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். மேல் அலமாரியை அண்ணாந்து பார்த்தாலும் அப்படித்தான். போன மாதம் ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தார், காயம் ஒன்றும் இல்லை. பிரஷர் சரியாக இருக்கிறது. அம்மா பித்தம் என்கிறார். மாத்திரையும் கேட்கவில்லை. மூளையில் ஏதாவது கோளாறா?

பதில்: தலையின் நிலை மாறினால் மட்டும் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. இப்படி இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது உள்காதைத்தான்.

உள்காதில் ஒரு சிறு பைக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை பெயர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள், விழுந்துவிடுவது உண்டு. அப்புறம் நீங்கள் புரளும்போதெல்லாம் துகள்கள் உருண்டு குழாயில் உள்ள திரவத்தைத் தள்ளும். தலை நின்றபிறகும் திரவம் நகர்வதால், இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாக மூளைக்குச் சேதி போகிறது. துகள்கள் படிந்ததும் சுற்றல் நிற்கும். டாக்டர்கள் இதை பிபிபிவி என்பார்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் இது அதிகம். இளவயதில் வந்தால் தலையில் அடி, கழுத்து உலுக்கல், ஒற்றைத் தலைவலி, முன்பு வந்த உள்காது நரம்பு அழற்சி என்று காரணம் தேடுவேன். உங்கள் விஷயத்தில் அந்தக் கார் இடியே காரணமாக இருக்கலாம். தலை எதிலும் மோதியிருக்க வேண்டியதில்லை. இதற்கும் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி காலர் மாட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது வீண் வேலை.

உறுதிசெய்ய ஸ்கேன் வேண்டாம், டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போதும். தலையை ஒரு பக்கம் திருப்பியபடி சட்டென்று படுக்கவைத்து, கண்விழி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்தக் காது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கடிதம் இல்லாமலே பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். ஆனால் தலைச்சுற்றல் பயிற்சி தெரிந்தவரா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார் இடித்திருப்பதால் முதலில் கழுத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை எப்லி முறை. வலக்காது என்றால்: உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, தலை சற்றே பின்னால் தொங்கும்படி மல்லாக்கப் படுப்பீர்கள். சுற்றும், கண்ணை மூடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கழித்துத் தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். அதே அளவு நேரம் பொறுத்து, உடம்போடு இடப்பக்கம் புரண்டு முகம் தரையைப் பார்க்க இருந்து, அப்புறம் மெல்ல எழுந்து உட்காரலாம். துகள்கள் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். பலருக்கு ஓரிரு தடவையில் சரியாகிவிடும். சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்ப வரும், அப்போதும் இதே மருந்துதான். முதல் தடவை மட்டும் வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.

மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் மரத்துப்போதல், நடக்க முடியாமை, மணிக்கணக்கில் ஓயாத சுற்றல், திடீரென ஒரு காது கேட்காமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரியாகும்வரை கார் ஓட்ட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம். காலையில் எழும்போது இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள்.